மின் சிக்கனம்: கருவி வாங்குமுன் கடையைப் படிப்போம்



கடை வாடகை, ஆள் சம்பளம், வண்டி வாடகை என்று நாம் எழுதும் செலவுப் பட்டியலில் மின்கட்டணம் ஒரு காலத்தில் கடைசி வரியாக இருந்தது. இன்று பல கடைகளில் அது மேலே ஏறி வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. அடுத்து 2023 ஜூலையிலும், 2024 ஜூலையிலும் கடைகளுக்கான கட்டணம் மேலும் ஏறியது. சரக்கு விலை ஏறினால் விற்பனை விலையில் சேர்த்துக் கொள்ளலாம். மூட்டைக்குப் பத்து இருபது ரூபாய் லாபத்தில் ஓடும் மொத்த வியாபாரத்திலும், பக்கத்துக் கடைக்காரரோடு ஐம்பது பைசாவுக்குப் போட்டி போடும் சில்லறை வியாபாரத்திலும் மின்கட்டணத்தை யார் தலையில் ஏற்றுவது? அது நம் லாபத்திலிருந்துதான் போகிறது.

ஆகவே சிக்கனம் வேண்டும் என்பதில் நம்மில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சிக்கனத்தை எங்கே தொடங்குவது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். பெரும்பாலோர் கருவியில் தொடங்குகிறோம். விளக்கு விற்பவர் வந்தால் விளக்கு, மின்விசிறி விற்பவர் வந்தால் மின்விசிறி, கூரையில் சூரியத் தகடு போடுபவர் வந்தால் தகடு. வருகிறவர் தம் சரக்கைப் பற்றி நன்றாகவே பேசுவார். அது அவர் தொழில். நம் கடையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? அதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அரசனுக்குச் சொன்ன அந்த முறை வணிகனுக்கும் பொருந்தும். நம் வலிமை என்ன, காலம் எது, இடம் எப்படி என்று பார்த்த பிறகுதான் காரியத்தில் இறங்க வேண்டும். இதையே இன்றைய உலகத் தர நெறி ஒன்றும் சொல்கிறது. எரிசக்தியை நிர்வகிக்கும் முறைக்காக 2011ல் வெளிவந்து 2018ல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 50001 என்ற நெறியில் முதல் மூன்று பிரிவுகள் முன்னுரை போன்றவை. வேலை தொடங்குவது நான்காம் பிரிவில். அங்கே விளக்கைப் பற்றியோ மோட்டாரைப் பற்றியோ பேச்சே இல்லை. உங்கள் நிறுவனத்தின் உள்நிலை என்ன, வெளிநிலை என்ன, இதில் யார் யாருக்குச் சம்பந்தம் உண்டு, எது வரை உங்கள் எல்லை என்று நான்கு விஷயங்களைத் தீர்மானிக்கச் சொல்கிறது. பெரிய ஆலைகளுக்காக எழுதப்பட்டது போலத் தோன்றினாலும் இந்த நான்கும் நம் கடைவீதிக்கு அப்படியே பொருந்தும்.

ஒரே விளக்கு, இரண்டு கணக்கு

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். பழைய 40 வாட் குழல் விளக்கு சோக்குடன் சேர்ந்து ஏறத்தாழ 55 வாட் இழுக்கும். அதே இடத்தில் 20 வாட் எல்.இ.டி. குழல் போட்டால் 35 வாட் மிச்சம். பத்து விளக்கு மாற்றினால் 350 வாட்.

ஒரு ஜவுளிக் கடையில் இந்தப் பத்து விளக்கும் நாளுக்கு 12 மணி நேரம் எரிகின்றன. இரண்டு மாதத்தில் 252 யூனிட் மிச்சமாகும். ஒரு பருப்புக் கிட்டங்கியில் அதே பத்து விளக்கு மூட்டை ஏற்றி இறக்கும்போது மட்டும் நாளுக்கு 2 மணி நேரம் எரிகின்றன. அங்கே மிச்சம் 42 யூனிட்தான். கணக்குக்காக யூனிட் பத்து ரூபாய் என்றும், விளக்கு ஒன்று 250 ரூபாய் என்றும் வைத்துக் கொள்வோம். போட்ட 2,500 ரூபாய் ஜவுளிக் கடைக்கு ஒரே மின்கட்டணக் காலத்தில் திரும்பி வந்துவிடும். கிட்டங்கிக்கு ஒரு வருடம் ஆகும்.

விளக்கும் ஒன்று, விலையும் ஒன்று; பலன் ஆறு மடங்கு வேறுபடுகிறது. கிட்டங்கிக்காரர் விளக்கு மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது முதல் வேலையாக இருக்க வேண்டியதில்லை என்கிறேன். அந்தப் பணத்தைக் கூரையில் இரண்டு வெளிச்சத் தகடு பதிக்கச் செலவிட்டால் பகலில் விளக்கே தேவைப்படாமல் போகலாம். இதை விளக்கு விற்பவர் சொல்ல மாட்டார்.

உள்நிலை

நம் கடைக்குள் முதலில் தெரிய வேண்டியது எது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது. இரவு கடை பூட்டும்போது மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வைத்து, காலையில் திறந்ததும் மீண்டும் பாருங்கள். ஆள் இல்லாத நேரத்தில் எத்தனை யூனிட் ஓடியது என்று தெரிந்துவிடும். குளிர்பெட்டி இருந்தால் அதன் செலவு அதில் இருக்கும். குளிர்பெட்டி இல்லாத கடையிலும் எண் நகர்ந்திருந்தால் காரணம் தேட வேண்டும். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது நம்மில் பலர் இன்வெர்ட்டர் வாங்கி வைத்தோம். வெட்டு குறைந்த பிறகும் அது மூலையில் இருந்து, செத்துப்போன பேட்டரிக்கு இரவு பகலாக மின்சாரம் ஊட்டிக் கொண்டிருக்கும் கடைகள் இன்றும் உண்டு.

அடுத்து, மின் இணைப்பு எத்தனை கிலோவாட்டுக்கு வாங்கியது என்று பார்க்க வேண்டும். கடைகளுக்கு ஓடிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் இல்லை. வாங்கி வைத்திருக்கும் கிலோவாட்டுக்கும் நிலைக் கட்டணம் உண்டு. முன்பு மாவு இயந்திரம் ஓட்டியவர் அதை விற்றுப் பல வருடம் ஆகியிருக்கும். இணைப்பு மட்டும் பழைய கிலோவாட்டிலேயே இருக்கும். எத்தனை விளக்கை அணைத்தாலும் இந்தச் செலவு குறையாது. மனு கொடுத்துப் பளுவைக் குறைத்துக் கொண்டால்தான் குறையும். மாறாக, சிறிய இணைப்பை வைத்துக் கொண்டு புதிதாக இரண்டு குளிர்சாதனம் மாட்டியவர் பளுவை உயர்த்தாவிட்டால் கம்பி சூடாகும். வாரியத்தோடும் சிக்கல் வரும்.

மூன்றாவது, ஆட்கள். காலையில் சுவிட்சைப் போடுபவர் யார், இரவு அணைப்பவர் யார்? பல கடைகளில் இதற்கு விடை கிடையாது. முதலாளி கல்லாவில் இருப்பார், கணக்கப்பிள்ளை பேரேட்டில் இருப்பார், பையன்கள் சரக்கில் இருப்பார்கள். மாடி அறையில் மின்விசிறி தானாகச் சுற்றிக் கொண்டிருக்கும். யார் பொறுப்பு என்று பெயர் சொல்லாத இடத்தில் எந்த உயர்ந்த கருவியும் பயன் தராது.

வெளிநிலை

நம் கையில் இல்லாதவை சில உண்டு. வெயில் அதில் ஒன்று. சித்திரை, வைகாசியில் குளிர்பெட்டி ஓடும் நேரம் கூடத்தான் செய்யும். ஆகவே மே மாதத்துக் கட்டணத்தை ஜனவரி மாதத்தோடு ஒப்பிட்டுப் பதறுவதில் பொருளில்லை. சென்ற வருடம் அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். தீபாவளி, பொங்கல் வியாபாரத்தில் கடை இரவு வரை திறந்திருந்தால் யூனிட் கூடுவது குற்றமல்ல. அதற்கேற்ப விற்பனை கூடியதா என்பதுதான் கேள்வி.

சட்டமும் வெளிநிலையில் அடங்கும். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் நம் ஊர்க் கட்டடங்களில் வீட்டு இணைப்பிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கடைக் குளிர்பெட்டிக்குக் கொடுப்பதைச் சிக்கனம் என்று நினைப்போர் உண்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, வாங்கிய நோக்கத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்தினால் அதற்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம். பத்து மாதம் மிச்சம் பிடித்தது ஒரே சோதனையில் போய்விடும்.

நமக்குச் சாதகமான சட்டமும் உண்டு. 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2002ல் எரிசக்தித் திறன் செயலகத்தை மத்திய அரசு அமைத்தது. குளிர்பெட்டியிலும் குளிர்சாதனத்திலும் நாம் பார்க்கும் நட்சத்திரக் குறி அவர்கள் 2006ல் தொடங்கியது. 2023 முதல் கூரை மின்விசிறிக்கும் இது கட்டாயம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் புதுவகை மின்விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளெல்லாம் சுற்றும் மின்விசிறிக்கு இது லாபம். வாரம் ஒருநாள் சுற்றும் மின்விசிறிக்கு அவசரமில்லை. மீண்டும் அதே பாடம்தான்: எந்த இடத்தில், எத்தனை நேரம்?

யார் யாருக்குச் சம்பந்தம்?

நம் கடையின் மின்சாரத்தில் நமக்கு மட்டும் சம்பந்தம் என்று நினைக்கிறோம். கொஞ்சம் யோசித்தால் பட்டியல் நீளும்.

முதலில் கட்டட உரிமையாளர். நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கடையில் இருக்கிறோம். கம்பியும் மீட்டரும் அவருடையவை, கட்டணம் நம்முடையது. நாற்பது வருடத்துப் பழைய கம்பியை மாற்றினால் தீ விபத்து பயம் குறையும், இழப்பும் குறையும். அதற்கு அவர் ஏன் செலவழிக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். அவர் கட்டடத்துக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். இருவரும் நினைத்துக் கொண்டே இருக்கக் கம்பி மட்டும் சூடாகிக் கொண்டிருக்கிறது. பல இடங்களில் உரிமையாளர் பெயரில் ஒரே இணைப்பு. கடைக்குக் கடை துணை மீட்டர். அங்கே யூனிட்டுக்கு என்ன விலை என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் வாய்ப் பேச்சில் ஓடுகிறது. வாரியம் கேட்பது ஒரு விலை, உரிமையாளர் வாங்குவது ஒரு விலை என்று இருந்தால் நாம் எந்தக் கருவி வாங்கியும் பயனில்லை. முதல் சிக்கனம் அந்த ஒப்பந்தத்தைத் திருத்துவதில் இருக்கிறது.

இரண்டாவது, நமக்கு இலவசமாகக் குளிர்பெட்டி தரும் நிறுவனங்கள். ஐஸ்கிரீமோ குளிர்பானமோ விற்பதற்குப் பெட்டியைக் கொண்டு வந்து வைக்கிறார்கள். பெட்டி இலவசம், மின்சாரம் நம்முடையது. ஒரு பெட்டி நாளுக்கு 4 யூனிட் இழுத்தால் மாதம் 120 யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்றால் 1,200 ரூபாய். கோடையில் அந்தப் பெட்டி அதற்கு மேல் சம்பாதித்துக் கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு ஐஸ்கிரீமைக் குளிர வைத்துக் கொண்டு இரவு பகலாக ஓடுகிறதே, அப்போது யாருக்காக ஓடுகிறது? இரண்டு நிறுவனப் பெட்டிகள் இருந்தால் மழைக்காலத்தில் சரக்கை ஒன்றில் சேர்த்து மற்றதை நிறுத்த முடியுமா என்று நிறுவன ஆளிடம் பேச வேண்டும். சரக்கில் எத்தனை சதவீதம் கழிவு என்று வாதாடும் நாம் இதைப் பேசுவதே இல்லை.

மூன்றாவது, நம் ஆட்களும் வாடிக்கையாளரும். சிக்கனம் என்று சொல்லிச் சமையற்கட்டு மின்விசிறியை நிறுத்துவதும், மூட்டை தூக்கி வந்தவரை வேர்வையோடு நிற்க வைப்பதும் சிக்கனமாகாது. வெளிச்சம் போதாத ஜவுளிக் கடையில் சேலையின் நிறம் தெரியாமல் வாடிக்கையாளர் தெருவுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தால் அந்த மிச்சம் நஷ்டத்தில் முடியும். குளிர்சாதனத்தில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 18ல் வைத்துக் கொண்டு கதவைத் திறந்து போட்டிருக்கும் கடை 24ல் வைத்துக் கதவை மூடினால் யாருக்கும் கஷ்டமில்லை.

எல்லை எது?

எரிசக்தி என்றதும் நாம் மின் அட்டையை மட்டும் எடுக்கிறோம். இனிப்புக் கடைக்காரருக்குப் பெரிய செலவு அடுப்பில்: 19 கிலோ எரிவாயு உருளையோ விறகோ. மொத்த வியாபாரிக்குப் பெரிய செலவு பெரும்பாலும் டீசல். நாள் முழுவதும் சரக்கு வண்டி ஓடும். பாதி மூட்டையோடு ஒரே தெருவுக்கு இரண்டு முறை போகும். அவர் கிட்டங்கி விளக்கில் 42 யூனிட் மிச்சம் பிடிப்பதைவிட, ஆர்டர்களைத் தெருவாரியாகப் பிரித்து ஒரே நடையில் இறக்கினால் கிடைப்பது அதிகம். மின்சாரம், டீசல், எரிவாயு மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் எது யானை, எது எறும்பு என்று தெரியும்.

கடைவீதியில் உலவும் பெட்டி

ஆழம் தெரியாமல் காலை விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடைவீதியில் அடிக்கடி தலைகாட்டும் மின் சேமிப்புப் பெட்டியே சாட்சி. பிளக்கில் மாட்டினால் கட்டணம் முப்பது நாற்பது சதவீதம் குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு சிறு கெப்பாசிட்டர். மோட்டார்கள் அதிகம் ஓடும் பெரிய இணைப்புகளில் பவர் ஃபேக்டர் குறைந்தால் வாரியம் தனியாக அபராதம் போடும். அங்கே சரியான அளவில் கெப்பாசிட்டர் போடுவது உண்மையிலேயே பணம் மிச்சமாகும் காரியம். சிறு கடையின் மீட்டர் உண்மையில் செலவான யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது. அங்கே இந்தப் பெட்டி யூனிட்டைக் குறைக்காது. மாவு ஆலைக்கு மருந்தாக இருப்பது பெட்டிக்கடைக்கு வெறும் செலவு. தன் இணைப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தவர் விற்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

இதே குறை படித்தவர்களிடமும் உண்டு. சான்றிதழ் வேண்டும் என்பதற்காக ஆலோசகர் கொண்டு வரும் கோப்பில் கையெழுத்துப் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தக் கோப்பின் முதல் பக்கங்களில் நிறுவனத்தின் உள்நிலை, வெளிநிலை என்று எழுதியிருப்பதை எடுத்துப் படித்தால் வேறு எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துவது எவருக்கும் உதவாது. சுவரில் மாட்டிய சான்றிதழ் மின்கட்டணத்தைக் குறைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

நமக்குத் தெரியாத வித்தையா இது?

சின்னக் கடைக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். புதிதாக ஒருவர் வந்து இரண்டு லட்ச ரூபாய்க்குச் சரக்கு கடன் கேட்டால் என்ன செய்கிறோம்? ஊர் எது, கடை சொந்தமா வாடகையா, யாரிடம் வாங்கிக் கொண்டிருந்தார், பணம் எந்தத் தவணையில் கொடுப்பார், சீசன் எப்போது என்று நாலு இடத்தில் விசாரிக்கிறோம். விசாரித்த பிறகே மூட்டையை ஏற்றுகிறோம். அந்த விசாரணையை நம் கடையைப் பற்றியே ஒருமுறை செய்யச் சொல்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்தவர்கள் நாம். மின்சாரத்தை மட்டும் அளக்காமல் போடுகிறோம்.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் இணைப்பு யார் பெயரில், எத்தனை கிலோவாட், எந்தக் கட்டண வகை. இரண்டாம் பக்கத்தில் கடையில் உள்ள ஒவ்வொரு விளக்கு, விசிறி, பெட்டி, மோட்டார், அதன் வாட், நாளுக்கு எத்தனை மணி நேரம். மூன்றாம் பக்கத்தில் உரிமையாளரோடும் நிறுவனங்களோடும் பேச வேண்டியவை. நான்காம் பக்கத்தில் யார் சுவிட்சுக்குப் பொறுப்பு. அதன் பிறகு வாரம் ஒருமுறை மீட்டர் எண்ணும், டீசல், எரிவாயு செலவும், அந்த வார விற்பனையும். மூட்டைக் கணக்கில் வியாபாரம் செய்பவர் நூறு மூட்டைக்கு எத்தனை யூனிட் என்று பார்க்கலாம். சில்லறைக் கடைக்காரர் ஆயிரம் ரூபாய் விற்பனைக்கு எத்தனை யூனிட் என்று பார்க்கலாம். ஆறு மாதம் எழுதினால் எந்தக் கருவி வேண்டும், எது வேண்டாம் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

சங்கம் செய்ய வேண்டியது

சில காரியங்களைத் தனி வியாபாரி செய்ய முடியாது. கட்டட உரிமையாளரிடம் ஒருவர் போய்க் கம்பி மாற்றக் கேட்டால் கடையைக் காலி செய்யச் சொல்வாரோ என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. சங்கம் முன்வந்து, துணை மீட்டர் விலை, கம்பி மாற்றும் செலவு, பளு உயர்த்தும் பொறுப்பு ஆகியவற்றை எழுதிய ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தயாரித்து இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். குளிர்பெட்டி தரும் நிறுவனங்களோடு மழைக்கால மின்செலவு பற்றிப் பேசுவதும் சங்கத்தின் குரலாக இருந்தால்தான் எடுபடும்.

அதோடு, ஒரே தொழில் செய்யும் பத்துக் கடைகளின் நோட்டுகளைப் பெயர் சொல்லாமல் ஒப்பிட்டு இந்த இதழில் வெளியிடலாம். ஒரே அளவுள்ள இரண்டு மளிகைக் கடைகளில் ஒன்றுக்கு ஏன் இரண்டு மடங்கு யூனிட் ஓடுகிறது என்று தெரிந்தால் அதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. தகுதியுள்ள ஒரு மின்பணியாளரைச் சங்கமே அமர்த்தித் தெருவாரியாகக் கம்பிகளைப் பார்க்கச் சொன்னால் கடைக்கு ஆகும் செலவு சொற்பம்.

டிசம்பர் 14 தேசிய எரிசக்திச் சேமிப்பு நாள். வருடா வருடம் அன்று பேசுகிறோம், உறுதிமொழி எடுக்கிறோம், கலைகிறோம். இந்த முறை அந்த நாளுக்குள் ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் எழுதத் தொடங்கிய ஒரு நோட்டு இருக்கட்டும். கருவி வாங்குவதை அதன் பிறகு பேசுவோம்.